ரயில் ஓடவில்லை, பணமும் வரவில்லை: எந்தச் சிக்கலுக்கு எந்த வழி

இந்திய ரயில்வேயில் பயணம் தடைபட்டால் கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கான இப்போதைய விதிகள் 2015 நவம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கின்றன. படித்துப் பார்த்தால் பயணிக்குச் சாதகமான விதிகள்தான். இருந்தும் பணம் கைக்கு வராமல் போகிறது என்றால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். டிடிஆர் என்ற கோரிக்கையைப் போட வேண்டிய இடத்தில் ரத்து செய்யும் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். அல்லது டிடிஆரை ரயில் கிளம்பிய பிறகு போட்டிருப்பார்கள்.

டிக்கெட்டை நீங்களே ரத்து செய்தால், நானாக இந்தப் பயணத்தைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். பிடித்தம் போக மிச்சம் வரும், கணக்கு அதோடு முடிந்தது. பிறகு என்ன காரணம் சொன்னாலும் எடுபடாது. டிடிஆர், அதாவது டிக்கெட் டெபாசிட் ரசீது, வேறு வகை. டிக்கெட்டை ரயில்வேயிடம் ஒப்படைத்து, பயணம் உங்கள் தரப்பில் கெட்டது, காரணம் இது, பணத்தைத் தாருங்கள் என்று பதிவு செய்யும் கோரிக்கை அது. முடிவு உடனே வராது. ரயில்வே தன் பதிவேடுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லும்.

கையில் இருப்பது எந்த டிக்கெட் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இ-டிக்கெட்டுக்கு எல்லாமே இணையத்தில்தான். கவுன்டரில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பதிவு மையத்தில் வாங்கிய அச்சு டிக்கெட் என்றால் அசலை நேரில் கொடுத்தால்தான் பணம்.

இனி, உங்கள் சிக்கல் எதுவோ அங்கே போகலாம்.

"ரயில் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. நான் என்ன செய்ய வேண்டும்?"

இ-டிக்கெட் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை ரயில் முழுவதுமாக ரத்தானால் டிக்கெட் தானாகவே ரத்தாகி, முழுக் கட்டணமும் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத் திரும்பும். டிடிஆரும் தேவையில்லை. சில வேலை நாட்கள் பொறுத்திருங்கள். இணையத்தில் முன்பதிவு செய்ததற்கான வசதிக் கட்டணம் மட்டும் திரும்ப வராது. அது நியாயமா என்று கேட்டால் எனக்கும் நியாயமாகப் படவில்லை, ஆனால் நடைமுறை அதுதான்.

கவுன்டர் டிக்கெட் என்றால் பணம் தானாக வராது. ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 3 நாட்களுக்குள் அசல் டிக்கெட்டை முன்பதிவு மையத்தில் கொடுத்து முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பேரிடர்க் காலங்களில் இந்தக் கெடுவை ரயில்வே நீட்டிப்பதுண்டு. 2020 பொதுமுடக்கத்தின்போது அதை 9 மாதம் வரை நீட்டித்தார்கள். அப்படி அறிவிப்பு வந்தால்தான் உண்டு, நாமாக எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த வகையில் பணத்தை இழப்பவர்கள் அவசரக்காரர்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வானிலைச் செய்தி வந்த உடனேயே, எப்படியும் ரயில் ஓடாது என்று தாங்களே டிக்கெட்டை ரத்து செய்துவிடுவார்கள். மறுநாள் காலை ரயில்வே அந்த ரயிலை ரத்து செய்யும். காத்திருந்தவருக்கு முழுப் பணம்; அவசரப்பட்டவருக்குப் பிடித்தம் போக மிச்சம். ஓடுமா ஓடாதா என்ற சந்தேகம் மட்டுமே உங்கள் காரணம் என்றால், அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். வேறு ஏற்பாடு செய்துவிட்டீர்கள், எது நடந்தாலும் இந்த ரயிலில் போகப் போவதில்லை என்றால் மட்டும் கணக்கு வேறு.

"ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். பயணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்"

முழுப் பணமும் கிடைக்கும். உறுதியான டிக்கெட், ஆர்ஏசி (படுக்கை உறுதியாகாமல் இருக்கை மட்டும்), காத்திருப்போர் பட்டியல் எதுவானாலும் பிடித்தம் கிடையாது. ஆனால் எல்லாரும் சறுக்கும் இடமும் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தாமதம் எங்கே கணக்கிடப்படுகிறது? நீங்கள் ஏறும் நிலையத்தில். நாகர்கோவிலில் 4 மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய ரயில் வழியில் நேரத்தைப் பிடித்து, திருச்சிக்கு 2 மணி 45 நிமிடத் தாமதத்தில் வந்தால் திருச்சியில் ஏறுபவருக்கு இந்த உரிமை இல்லை. தலைகீழாகவும் நடக்கும்: சரியான நேரத்துக்குக் கிளம்பிய ரயில் வழியில் சிக்கி, உங்கள் ஊருக்கு மூன்றரை மணி நேரம் தாமதமாக வந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. புறப்படும் நேரத்தையே ரயில்வே மாற்றி அறிவித்தாலும் அட்டவணை நேரத்திலிருந்துதான் கணக்கு.

எப்போது டிடிஆர் போட வேண்டும்? ரயில் உங்கள் நிலையத்தை விட்டு உண்மையில் புறப்படுவதற்கு முன். வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, காலையில் ஆற அமரப் போட்ட டிடிஆர் செல்லாது. கவுன்டர் டிக்கெட்டுக்கும் இதே கெடுதான்: ரயில் கிளம்புவதற்குள் டிக்கெட்டைக் கொடுத்திருக்க வேண்டும். நள்ளிரவில் முன்பதிவு மையம் மூடியிருந்தால் நிலைய அதிகாரியிடம் டிடிஆர் கேட்டு வாங்குங்கள்.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்துக்கு இரவு 11.40 மணிக்கு வர வேண்டிய ரயில். கைபேசிச் செயலி, எதிர்பார்க்கப்படும் நேரம் 2.50 என்று காட்டுகிறது. 3 மணி 10 நிமிடத் தாமதம். சரி, உரிமை வந்துவிட்டது என்று ஒரு மணிக்கே டிடிஆர் போட்டுவிட்டு நீங்கள் ஆட்டோ பிடிக்கிறீர்கள். ரயிலோ வழியில் கொஞ்சம் வேகமெடுத்து 2.35 மணிக்கு வந்துவிட்டுப் போகிறது. பதிவேட்டில் தாமதம் 2 மணி 55 நிமிடம். கோரிக்கை நிராகரிக்கப்படும். செயலி காட்டியது வெறும் மதிப்பீடு. ரயில்வே பார்ப்பது உண்மையான நேரத்தை. ஆகவே தாமதம் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஊசலாடும்போது, கடிகாரம் 2.40 ஐத் தாண்டும்வரை பொறுங்கள். தாண்டியும் ரயில் வரவில்லை என்றால் உரிமை உறுதியாகிவிட்டது. ரயில் வருவதற்குள் அங்கேயே, பிளாட்பாரத்திலேயே டிடிஆரை முடித்துவிடுங்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதம் என்றால் இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை.

ரயில்வேயின் இணைய முன்பதிவுத் தளமான ஐஆர்சிடிசியில் உள்நுழைந்து, உங்கள் பரிவர்த்தனைகள் இருக்கும் பகுதிக்குப் போனால் டிடிஆர் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். பிஎன்ஆரை, அதாவது டிக்கெட்டின் பதிவு எண்ணைத் தேர்ந்தெடுத்து, காரணப் பட்டியலில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணி பயணம் செய்யவில்லை என்பதைக் குறித்து, போகாதவர்களின் பெயர்களைத் தேர்வு செய்து சமர்ப்பிக்க வேண்டும். காரணத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் கோரிக்கையும் தவறாகவே போகும். சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், தயாரான பிறகுதான் டிடிஆர் போட முடியும். அதற்கு முன்பே தாமதம் தெரிந்துவிட்டாலும் சார்ட் வரும்வரை காத்திருங்கள். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து ரத்து செய்துவிடுவதுதான் வழக்கமான இழப்பு.

சமர்ப்பித்ததும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தேசிய ரயில் விசாரணைச் சேவையின் தளத்தில் உங்கள் நிலையத்துக்கு எதிரே காட்டும் தாமதத்தையும் ஒரு படம். பிறகு வாதாட வேண்டி வந்தால் பேச்சைவிட இந்த இரண்டு படங்களுக்கு மதிப்பு அதிகம்.

ரயில் தாமதமாக வந்தது, ஆனாலும் ஏறிவிட்டீர்கள் என்றால் இந்த உரிமை அங்கேயே முடிந்தது. இறங்கும்போது எத்தனை மணி நேரம் தாமதமாகியிருந்தாலும் கட்டணம் திரும்பாது. அதற்கான தனி வழி கடைசியில் வருகிறது.

"தட்கல் டிக்கெட்டுக்குப் பணமே திரும்பாது என்கிறார்களே?"

பாதி உண்மை. உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் ஒரு காசு கிடையாது. ரயில்வே தரப்பில் பயணம் கெட்டால் முழுப் பணமும் உண்டு: மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், ரயிலை மாற்றுப் பாதையில் விட்டு உங்களுக்கு அதில் போக விருப்பமில்லாமல் போவது, மாற்றுப் பாதையில் உங்கள் ஊரே இல்லாமல் போவது, உங்கள் பெட்டியை இணைக்காமல் விடுவது, கீழ் வகுப்பில் இடம் தந்து நீங்கள் அதை மறுப்பது. ஒரு நுணுக்கம் உண்டு. தட்கலில் தாமதம் பார்க்கப்படுவது டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நிலையத்தில். ஏறும் நிலையத்தை வேறு ஊருக்கு மாற்றியிருந்தால் அந்த ஊரின் தாமதம் கணக்கில் வராது.

பலர், தட்கல்தானே, போனது போனதுதான் என்று டிடிஆரே போடுவதில்லை. இழப்பு அவர்களுக்குத்தான் பெரிது, ஏனென்றால் அவர்கள் கொடுத்த கட்டணமும் அதிகம்.

"ரயில் என் ஊர் வரை போகாதாம்" அல்லது "பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார்கள்"

இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் வேறு வேறு. முதலாவது முன்கூட்டியே அறிவித்த பகுதி ரத்து. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் போக்குவரத்து நின்ற பிறகு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ராமேசுவரம் ரயில்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுகொண்டிருந்தது பலருக்கு நினைவிருக்கும். தண்டவாளப் பராமரிப்பு, வெள்ளம் என்று இப்படிப் பாதை சுருங்கும்போது உங்கள் ஏறும் ஊரோ இறங்கும் ஊரோ அடிபட்டால் டிடிஆர் போடலாம். ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் அவகாசம். முழு ரத்தைப் போலத் தானாகப் பணம் வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ரயில் ஓடுகிறது என்றுதானே கணினி நினைக்கிறது! மாற்றுப் பாதையில் விடப்பட்ட ரயிலில் போக விரும்பாதவர்களுக்கும் இதே 72 மணி நேரம்தான்.

இரண்டாவது, ஏறிய பிறகு நடுவழியில் நின்றுபோவது. 2023 டிசம்பரில் தென் மாவட்ட வெள்ளத்தின்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் விதி மூன்றாகப் பிரிகிறது. ரயில்வேயே பஸ்ஸோ வேறு ரயிலோ ஏற்பாடு செய்து, நீங்களும் அதில் ஊர் போய்ச் சேர்ந்தால் பணம் திரும்பாது. ஏற்பாடு செய்தும் நீங்கள் வேண்டாம் என்று இறங்கிக்கொண்டால், வந்த தூரத்துக்கான கட்டணம் போக மீதி கிடைக்கும். ரயில்வேயால் ஏற்பாடே செய்ய முடியவில்லை என்றால் வந்த தூரத்தையும் சேர்த்து மொத்தக் கட்டணமும் உங்களுக்கு.

அதனால் இறங்கிய இடத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: மாற்று ஏற்பாடு உண்டா, இல்லையா? இல்லை என்ற பதில் யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதிப் பணமா முழுப் பணமா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கவுன்டர் டிக்கெட்டை அந்த நிலையத்திலேயே ஒப்படைக்க வேண்டும். இ-டிக்கெட்டுக்கு, பாதுகாப்பான இடத்துக்குப் போன கையோடு டிடிஆர் போடுங்கள்.

"முதல் ரயில் தாமதமானதால் அடுத்த ரயிலைத் தவறவிட்டேன்"

2019 ஏப்ரல் முதல் இரண்டு பிஎன்ஆர்களை இணைக்கும் வசதி இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி, அங்கிருந்து பெங்களூரு என்று இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பயணம் தொடங்குமுன் இரண்டையும் இணைத்திருந்து, முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவது தவறினால், அந்த இரண்டாவது டிக்கெட்டின் பணம் பிடித்தமில்லாமல் திரும்பும். பயணிகளின் விவரங்கள் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் முழுப் பெயர், மற்றதில் தலைப்பெழுத்து மட்டும் என்றால் இணைப்பதிலேயே சிக்கல்.

கோரிக்கைக்கான கெடு மிகவும் குறைவு: முதல் ரயில் திருச்சிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து 3 மணி நேரம். இணைக்காமல் விட்டிருந்தால், ரயில்வேயின் கண்ணில் அவை சம்பந்தமில்லாத இரண்டு பயணங்கள். நேரத்துக்குக் கிளம்பிய ரயிலில் நீங்கள் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குள் வெள்ளம் வந்து நிலையத்துக்கே போக முடியாமல் ரயிலைத் தவறவிட்டவர்களின் நிலையும் இதுதான். ரயில் ஓடியிருந்தால், ரயில்வே தனியாகச் சலுகை அறிவித்தாலன்றிப் பணம் கிடைக்காது. டிக்கெட்டோடு 45 காசுக்கு எடுக்கும் பயணக் காப்பீடு இதற்கு உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது விபத்தில் உயிரிழப்பு, காயம் போன்றவற்றுக்கானது. தாமதத்துக்கும் தவறவிட்ட ரயிலுக்கும் அதில் இடமில்லை.

"ஏசி வேலை செய்யவில்லை" அல்லது "கீழ் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்"

பயணம் முடிந்தது, ஆனால் வாங்கிய சேவை கிடைக்கவில்லை. இங்கே திரும்ப வருவது கட்டண வித்தியாசம் மட்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியில் குளிர்சாதனம் நின்றுபோனால் அந்தக் கட்டணத்துக்கும் ஸ்லீப்பர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம். ஏசி சேர் கார் என்றால் இரண்டாம் வகுப்போடு ஒப்பிட்டு. அதுவும் ஏசி வேலை செய்யாத தூரத்துக்கு மட்டுமே. சென்னையிலிருந்து கோவை போகும்போது ஜோலார்பேட்டையிலிருந்து ஈரோடு வரை ஏசி இல்லை என்றால் அந்தத் துண்டுக்குத்தான் கணக்கு.

இதற்கு ஆதாரம் உங்கள் வியர்வை அல்ல, டிக்கெட் பரிசோதகர் எழுதித் தரும் சான்று. ரயிலில் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். இறங்கிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். பெட்டி எண், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, கையெழுத்து ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவர் தயங்கினால் 139 எண்ணிலோ ரயில்வேயின் புகார்ச் செயலியான ரயில் மதத்திலோ பிஎன்ஆரைக் கொடுத்து உடனே புகார் பதிவு செய்யுங்கள். புகார் எண் வந்துவிட்டால், ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று பிறகு யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அந்தப் புகார் பதிவான பிறகு சான்றும் வந்துவிடும்.

ஏசி பழுதுக்கான டிடிஆரை, ரயில் நீங்கள் இறங்கும் ஊருக்குச் சேர்ந்ததிலிருந்து 20 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இ-டிக்கெட் என்றால் பரிசோதகர் தந்த சான்றின் அசலை ஐஆர்சிடிசிக்குத் தபாலில் அனுப்பவும் வேண்டும். டிடிஆர் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருப்பவர்களின் கோரிக்கை இங்கேதான் தேங்கி நிற்கிறது. அனுப்புமுன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பதிவுத் தபாலிலோ விரைவுத் தபாலிலோ அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கீழ் வகுப்புக்கு மாற்றப்பட்டவர்களுக்கும் பரிசோதகரின் சான்று, டிடிஆர், தபால் என்று இதே வழிதான்.

"டிடிஆர் போட்டு இரண்டு மாதம் ஆகிறது"

ஐஆர்சிடிசி இதில் தபால்காரர் மட்டுமே. கோரிக்கையைச் சம்பந்தப்பட்ட மண்டல ரயில்வேக்கு அனுப்பும். முடிவெடுப்பது அங்குள்ள பணத் திருப்பப் பிரிவு. ரயில் வந்த நேரம், பரிசோதகரின் பட்டியலில் உங்கள் இருக்கைக்கு எதிரே என்ன குறித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மாதம் என்பது வழக்கமான காலம்தான், அதற்குள் பதற வேண்டாம். அதற்கு மேலும் இழுத்தால் தளத்தில் டிடிஆர் வரலாற்றைப் பாருங்கள். கோரிக்கை இன்னும் ரயில்வேயிடம் இருக்கிறது என்றால் அந்த மண்டலத்துக்குப் புகார் எழுத வேண்டும். பணம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டியும் கணக்கில் இல்லை என்றால், அந்தப் பரிவர்த்தனை எண்ணோடு உங்கள் வங்கிக்குப் போங்கள். பணம் கட்டிய அட்டை காலாவதியாகியிருந்தாலோ கணக்கை மூடியிருந்தாலோ தொகை வங்கியில்தான் சிக்கியிருக்கும்.

முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கு இன்னொரு திருப்பம். பணம் முதலில் முகவரின் கணக்குக்குத்தான் போகும். ஐஆர்சிடிசியின் அங்கீகாரம் பெற்ற முகவர் என்றால் திரும்ப வந்த தொகை எவ்வளவு என்ற செய்தியும் ஒரு ஓடிபியும் உங்கள் கைபேசிக்கு வரும். அந்த எண்ணைச் சொல்லித் தொகையைக் கேட்டு வாங்க வேண்டும். முன்பதிவின்போது முகவர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால் பணம் திரும்பியதே உங்களுக்குத் தெரியாது. டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

"நிராகரித்துவிட்டார்கள்" அல்லது "தாமதத்தால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தை யார் தருவார்?"

கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தது தவறு என்று நினைத்தால், அதற்கென்றே ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அமைப்பு. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. சில நூறு ரூபாய்க்கு அங்கே போவது வீண் அலைச்சல் என்பதே என் எண்ணம். குடும்பத்தோடு ஏசியில் போகப் பதிவு செய்த பெரிய தொகை என்றால் யோசிக்கலாம்.

நஷ்டஈடு வேறு விஷயம், அதற்கு நுகர்வோர் ஆணையம். 2016இல் ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்த ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு 30,000 ரூபாய் தரச் சொன்ன உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதம் தங்கள் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வே ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பேற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். புயல், வெள்ளம் என்றால் அந்த ஆதாரம் அவர்களிடம் எளிதாக இருக்கும்; காரணமே சொல்லாமல் வழியில் நிறுத்தி வைத்த ரயிலுக்குத்தான் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். வழக்கை 2 ஆண்டுகளுக்குள் இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட், ரயில் சேர்ந்த நேரத்தின் படம், தவறிய விமானத்தின் டிக்கெட் அல்லது அன்று கொடுத்த டாக்சி ரசீது ஆகியவற்றை மனுவோடு இணைக்க வேண்டும்.